நான் மொழிபெயர்த்துக் கொடுத்த பங்குகள்

நாங்கள் மத்தியானச் சாப்பாடு சாப்பிடும் அறையில், மைக்ரோவேவ்களுக்கு மேலே ஒரு தொலைக்காட்சித் திரை மாட்டியிருந்தது. அதில் செய்தியோ நாடகமோ ஓடாது. எங்கள் நிறுவனத்தின் பங்கு அன்றைக்கு என்ன விலைக்குப் போகிறது என்பது மட்டும் நாள் முழுக்கத் தெரிந்துகொண்டிருக்கும். ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. புட்டையும் நூடில்ஸையும் சூடாக்க வரிசையில் நிற்கும் பெண்கள் அண்ணாந்து பார்த்து, "இண்டைக்குப் பச்சை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ஊரில் என் அப்பா ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை செய்தார். அது யாருக்குச் சொந்தம் என்று அவர் ஒருநாளும் யோசித்திருக்க மாட்டார். இங்கோ, மணித்தியாலச் சம்பளத்துக்கு நின்றுகொண்டே வேலை செய்யும் எங்களைப் பார்த்து, நீங்கள்தான் இந்த நிறுவனத்தின் ஓனர்கள் என்று மேலதிகாரிகள் சொன்னார்கள். சாப்பாட்டு மேசைகளில் ஒட்டியிருந்த தாள்களிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. எனக்கு அது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு பெருமையாக இருந்தது.

ரொறன்ரோவில், ஸ்காபரோவின் கிழக்கோரத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலையில், தொலைபேசிக் கோபுரங்களுக்கான மின்பலகைகளைப் பொருத்திக்கொண்டிருந்தோம். எங்கள் பிரிவில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்துப் பெண்கள். நான் ஊரில் ஏ.எல்., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், ஆங்கிலம் ஓரளவு ஓடும். அதனால் சில வருடங்களில் என்னை லைன் லீடராக்கினார்கள். சம்பளம் மணித்தியாலத்துக்கு ஒரு டொலர்கூடக் கூடவில்லை. ஆனால் மேலிடத்திலிருந்து யார் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்லுவேன். மொழிபெயர்ப்புக்கு யாரும் தனியாகக் காசு தரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றாத அளவுக்கு எனக்கு அது பிடித்திருந்தது.

ஒருநாள் மனிதவளப் பிரிவிலிருந்து லிண்டா என்ற பெண் வந்து, ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டத்தைப் பற்றிப் படம் போட்டு விளக்கினாள். லைன் லீடர்களை ஒரு மாதம் முந்தியே அதில் சேர்த்திருந்தார்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை வெட்டிச் சேமிப்பார்கள், அதை எதில் போடுவது என்று நாங்களே தெரிவு செய்யலாம். வெளி நிதிகளில் போட்டால் நிறுவனமும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். நிறுவனத்தின் சொந்தப் பங்குகளில் போட்டாலோ, நாங்கள் போடுகிற அளவுக்கே அதுவும் போடும். நான் வரிக்கு வரி சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசிப் படத்தில், பங்கின் விலை குறையவும் கூடும் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதையும் சொன்னேன். ஆனால் வேகமாகச் சொன்னேன்.

தவமணி அக்கா கையை உயர்த்தினார். எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்தவர். யுத்தத்தில் கணவரை இழந்து, பிள்ளைகளும் இல்லாமல், தனியாக வந்தவர். கொக்குவிலில் இருக்கும் தங்கையைத் தவிர அவருக்கு வேறு யாருமில்லை.

"ரஞ்சி, உது சீட்டு மாதிரியோ?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். மாதாமாதம் பத்துப் பன்னிரண்டு பேர் காசு போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தமாக எடுக்கும் சீட்டு எங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த நாட்டில் பாதிப்பேர் வீட்டுக்கு முற்பணம் கட்டியதே சீட்டுக் காசில்தான்.

"சீட்டை விடத் திறம் அக்கா. சீட்டுப் பிடிக்கிற ஆள் ஓடிப்போவார். கொம்பனி ஓடுமே? நானும் என்ர முழுக்க இதிலதான் போட்டிருக்கிறன். பயப்பிடாதேங்கோ" என்றேன்.

அன்று பின்னேரத்துக்குள் அநேகமாக எல்லோரும் படிவத்தில் நிறுவனப் பங்குகளுக்கான பெட்டியில் புள்ளடி போட்டார்கள். லிண்டா என் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னாள்.

எட்டு வருடம் கழித்துத் திரை நாள்தோறும் சிவப்பாகத் தொடங்கியது. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருக்க, தலைமை அதிகாரியிடமிருந்து எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. அத்திவாரம் உறுதியாக இருக்கிறது, நீண்ட காலத்தைப் பாருங்கள் என்று எழுதியிருந்தது. அதையும் நான் சத்தமாகத் தமிழில் வாசித்தேன். பிறகு ஒரு காலை, மைக்ரோவேவுக்கு மேலே சுவரில் நான்கு ஆணித்துளைகள் மட்டும் இருந்தன. திரையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாதக் கடைசிக்குள் நிறுவனம் கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு எங்களைக் கூட்டி, பெட்டியில் சாமான்களை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். எங்கள் பங்குகளின் விலை ஒரு கோப்பிக்குக்கூடக் காணாது. மேலிடத்தில் சிலர் தங்கள் பங்குகளை முன்னரே விற்றிருந்தார்கள் என்பது பிறகுதான் பத்திரிகையில் வந்தது.

எனக்கு ஐம்பத்தாறு வயது. கணவர் சிவநேசன் பாரவண்டி ஓட்டுபவர். எங்களுக்குப் பிக்கரிங்கில் ஒரு வீடு இருந்தது, அதற்கு இன்னும் பதினொரு வருடக் கடனும் இருந்தது. தவமணி அக்காவுக்கு அறுபத்திரண்டு. அடுத்த வருடத்தோடு வேலையை விடுவதாக இருந்தார். அவருக்கு வீடு இல்லை, ஒரு நிலவறை வாடகை அறை மட்டும்தான். நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. கோயிலில் தெரிந்த முகங்களைக் கண்டால் தூணுக்கு மறுபக்கம் சுற்றினேன். "அவ சொல்லித்தானே போட்டனாங்கள்" என்று யாரோ பிரசாத வரிசையில் சொன்னது என் காதில் விழுந்தது. யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம் தவமணி அக்காவே தொலைபேசி எடுத்தார்.

"நீ பொய் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. ஆனா நீ சொன்னபடியால்தான் நான் போட்டனான். அதையும் நான் மறைக்கேல்லை. இப்ப என்ன செய்யலாம் எண்டு நீதான் விசாரி. உனக்குத்தானே இங்கிலிசு தெரியும்."

அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

விசாரித்தேன். இலவசச் சட்ட உதவி நிலையம் ஒன்றில் நரைத்த தாடிக்காரச் சட்டத்தரணி ஒருவர் பொறுமையாகச் சொன்னார். சம்பளப் பாக்கிக்கு அரசாங்கத் திட்டம் ஒன்று உண்டு, அதற்கு உடனே விண்ணப்பியுங்கள். ஆனால் உங்கள் சேமிப்பு வேறு விடயம். அது உத்தரவாதமுள்ள பென்ஷன் இல்லை, நீங்களே தெரிவுசெய்த முதலீடு. நிறுவனம் கடன் கட்டமுடியாமல் வங்குரோத்தானால் முதலில் வங்கிகள், பிறகு மற்றக் கடன்காரர்கள், பங்கு வைத்திருப்பவர்கள் கடைசி. நீங்கள் ஓனர்கள் அல்லவா, என்று அவர் சொன்னபோது அதில் நக்கல் இருக்கவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. பங்குச்சந்தையை மேற்பார்வை செய்யும் அலுவலகத்துக்கு முறையிடலாம், அவர்கள் தண்டிக்கக்கூடும், காசைத் திருப்பித் தருவது அரிது. இன்னொரு வழி, நிறுவனத்தை நடத்தியவர்கள்மீதும் திட்டத்தை நிர்வகித்தவர்கள்மீதும் எல்லோரும் சேர்ந்து ஒரு கூட்டு வழக்குப் போடுவது. அவர்களுக்குக் காப்புறுதி இருக்கும், கிடைத்தால் அதிலிருந்துதான் கிடைக்கும். இரண்டு வருடத்துக்குள் தொடங்கவேண்டும் என்று சொல்லி, நகர மையத்தில் இருந்த ஒரு சட்ட நிறுவனத்துக்கு அனுப்பினார்.

அங்கே என்னைச் சந்தித்தவள் மேகன் என்ற இளம் சட்டத்தரணி. வெல்லாவிட்டால் கட்டணம் இல்லை என்றாள். எல்லோர் சார்பிலும் ஒருவர் தன் பெயரைக் கொடுக்கவேண்டும், என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "யூ வுட் பி த ஃபேஸ் ஒஃப் த கேஸ்" என்றாள். வழக்கின் முகமாக நான் இருக்கவேண்டுமாம். என் படத்தைப் பத்திரிகையில் போடப்போகிறார்கள் என்று நினைத்து, என்னிடம் நல்ல படம் இல்லை, பாஸ்போட் படம்தான் இருக்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை. படம் வேண்டாம், பெயரும் கையெழுத்தும் போதும் என்றாள். எனக்குப் படம் பரவாயில்லை என்று தோன்றியது. பயமாக இருந்தது பெயரும் கையெழுத்தும்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அண்ணாவை இராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மா ஒரு மனு எழுதுவித்து, அயலில் பதினொரு பேரிடம் கையெழுத்து வாங்கி, அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரியில் கொடுத்தார். சில வாரங்களில் அந்தப் பதினொரு பேரையும் ஒவ்வொருவராக இராணுவ முகாமுக்குக் கூப்பிட்டு, நாள் முழுக்க வெயிலில் இருத்தி வைத்து அனுப்பினார்கள். அண்ணா ஐந்து மாதத்தில் திரும்பி வந்தார். கையெழுத்து வைத்தவர்கள் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகு அப்பா வாசிகசாலைப் படிவத்தில்கூடக் கையெழுத்துப் போடமாட்டார். இந்த நாட்டில் எத்தனையோ படிவங்களில் நான் கையெழுத்திட்டிருக்கிறேன். ஆனால் எல்லாம் எனக்கு ஏதோ தரச்சொல்லிக் கேட்ட படிவங்கள். ஒரு பெரிய இடத்துக்கு எதிராகப் பெயர் எழுதியதில்லை.

"உன்ர பேரை ஏன் குடுக்கிறாய்? வேற ஆக்கள் இல்லையே?" என்றார் சிவநேசன். "தோத்தா அவையின்ர செலவையும் நாங்கள் கட்டவேணுமாம். வீடு போகும்."

"அதை லோயர்மார் தாங்கள் பொறுக்கிறதா எழுதித் தருகினம்."

"கொம்பனிகாரரும் எழுதித்தானே தந்தவை?"

இரண்டு நாள் கழித்துப் போய்க் கையெழுத்து வைத்தேன். துணிச்சலால் அல்ல. தவமணி அக்காவின் அடுத்த தொலைபேசி அழைப்புக்கு என்ன சொல்வதென்று தெரியாமல்தான்.

நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் சத்தியக்கடதாசி எழுதும்போதுதான் பிரச்சினை வந்தது. அந்தக் கூட்டத்தில் என்ன சொல்லப்பட்டது என்று மேகன் கேட்டாள். லிண்டா சொன்னதைச் சொன்னேன். பிறகு, நானாகச் சேர்த்துச் சொன்னதையும் சொன்னேன். தட்டச்சு செய்துகொண்டிருந்த அவளுடைய கை நின்றது. இது மற்றத் தரப்புக்குத் தெரிந்தால், தொழிலாளரை நம்பவைத்தது நிறுவனம் அல்ல, நீங்கள்தான் என்று சொல்வார்கள். உங்களையே வழக்குக்குள் இழுக்கவும் பார்ப்பார்கள், என்றாள். பொய்யான கடதாசியைத் தன்னால் தாக்கல் செய்ய முடியாது. ஆனால் வேறு ஒருவர் பெயர் கொடுத்தால் நீங்கள் ஒதுங்கிக்கொள்ளலாம். திங்கட்கிழமைக்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். புறநகர்க் கோ ரயிலில் பிக்கரிங் வரும்வரை ஏரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒதுங்குவதற்கு இவ்வளவு மரியாதையான வழி இருக்கிறதே என்ற ஆறுதலும், அந்த ஆறுதலைப் பற்றிய வெட்கமும் மாறிமாறி வந்தன.

ஞாயிற்றுக்கிழமை தவமணி அக்காவின் நிலவறைக்குப் போனேன். அப்போது அவர் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தன்னிலும் இரண்டு மூன்று வயது கூடியவர்களின் அறைகளைத் துடைப்பதாகச் சொன்னார். தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, கால்களைச் சுடுதண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அப்ப நீ விலகப்போறியோ?"

"நான் விலகினா உங்களுக்குத்தான் நல்லம் அக்கா. நான் சொன்னது கேசைப் பழுதாக்கிப்போடும்."

"நீ சொன்னதெண்டு நீ நினைக்கிறாய். அந்த லிண்டா மனிசி உன்ர தோளில கை வைச்சு என்னவோ சொன்னவ. நான் முன்வரிசையில இருந்தனான். எனக்கு இங்கிலிசு விளங்கேல்லை, ஆனா கண் தெரியும். அதுக்குப் பிறகுதானே நீ ‘நானும் போட்டிருக்கிறன்’ எண்டு சொன்னனீ."

கோப்பையைக் கீழே வைத்தேன். அது எனக்கு நினைவில் இருந்தது. ஆனால் வேறு மாதிரி இருந்தது. கூட்டம் தொடங்கமுன் லிண்டா என் தோளைத் தொட்டு, நீயும் இதில்தான் போட்டிருக்கிறாய் என்று சொல்லு, உன்னை அவர்கள் நம்புவார்கள், என்று சொன்னாள். நம்புவார்கள் என்ற சொல்லை மட்டும் நான் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். ஒரு நற்சான்றிதழ் மாதிரி. அந்த வசனத்தின் முன்பாதி ஒரு கட்டளை என்பது எனக்கு அந்த நிலவறையில்தான் உறைத்தது.

"ஆனா சீட்டை விடத் திறம் எண்டு சொன்னது அவ இல்லை, நான்" என்றேன்.

"ஓம். அது நீதான்." தவமணி அக்கா காலைத் துடைத்தார். "ரெண்டையும் சொல்லு. ஒண்டை மட்டும் சொல்லாத."

இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். நான் பயந்தபடியே, மற்றத் தரப்பு என்னைக் குறுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டது. நீதிமன்றம் அல்ல, நகர மையத்தில் இருபத்தோராம் மாடியில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு அறை. எதிரே உயரமான சட்டத்தரணி ஒருவர், மிகவும் மரியாதையானவர், என் தண்ணீர்க் குவளையை அவரே நிரப்பினார். ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தக் கூட்டத்தில் நீங்கள் தமிழில் சரியாக என்ன சொன்னீர்கள் என்று கேட்டபோது தமிழிலேயே சொன்னேன். மொழிபெயர்ப்பாளராக வந்திருந்த பெண் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். "சீட்டு" என்ற சொல்லில் ஒரு கணம் தடுமாறி, "டிக்கட்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

சட்டத்தரணி நிமிர்ந்தார். "லொத்தர் டிக்கட்டா? அப்படியென்றால் இது ஒரு சூதாட்டம் என்று நீங்கள் அவர்களை எச்சரித்தீர்கள்?"

மேகன் குறுக்கே பேச வாய் திறந்தாள். மொழிபெயர்த்த பெண் என்னைப் பார்த்தாள். அவளுடைய முகத்தைக் கண்டதும் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு சொல்லை அவசரத்தில் இன்னொரு மொழிக்குள் தூக்கிப்போட்டு, அது எங்கே போய் விழுந்தது என்று தெரியாமல் நிற்பவளை எனக்குத் தெரியும். நானே ஆங்கிலத்தில் விளக்கினேன். பன்னிரண்டு பேர், மாதாமாதம், ஒருவர் பொறுப்பு. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

"அந்தப் பொறுப்பான ஆள் காசோடு ஓடினால்?" என்று கேட்டார் அவர்.

"அவருடைய வீட்டுக்குப் போவோம். காசு வரும்வரை வாசலில் இருப்போம்."

"ஆகவே, அதிலும் ஆபத்து உண்டு என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது."

"தெரியும் சேர். ஆனால் சீட்டில் யாருடைய வீட்டுக்குப் போகவேண்டும் என்று தெரியும். இதில் எங்களுக்கு அந்த வீடு தெரியாது. அதைக் கேட்கத்தான் இங்கே வந்திருக்கிறோம்."

அவர் குறிப்புத் தாளைப் பார்த்தார். பிறகு அடுத்த கேள்விக்குப் போனார். லிண்டா என் தோளில் கைவைத்துச் சொன்னதைப் பற்றி மேகன் கடைசியில் கேட்டபோது, அதையும் நான் அப்படியே சொன்னேன்.

அதன் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் கடிதங்கள் மட்டும் வந்தன. கூட்டு வழக்காக நடத்த நீதிமன்றம் அனுமதித்தது என்று ஒரு கடிதம். சேர விருப்பமில்லாதவர்கள் விலகித் தனியாக வழக்குப் போடலாம் என்று இன்னொன்று. மேல்மாடியில் வேலை செய்த பொறியியலாளர் சிலர் விலகினார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. கடைசியில் காப்புறுதிக்காரர் ஒரு தொகைக்குச் சம்மதித்தார்கள். யாரும் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை என்று அந்தத் தாளின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. அது நியாயமானதா என்று நீதிபதி கேட்ட நாளில் எங்களில் ஒன்பது பேர் போயிருந்தோம். ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். யாரும் எழும்பவில்லை. சட்டத்தரணிகளின் பங்கு போக, இழந்ததில் ஏழில் ஒன்றுகூட எங்கள் கைக்கு வரவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோது, பிரசாத வரிசையில் கேட்ட அந்தக் குரல் என்னிடம் நேரே பேசியது. "அன்ரி, உங்களால எண்டாலும் இவ்வளவு வந்தது" என்று ஒரு இளம் பெண் சொன்னாள். உங்களால் போனது என்று அவள் சேர்த்துச் சொல்லவில்லை. எனக்கு இரண்டும் கேட்டது.

தவமணி அக்காவுக்கு அப்போது அறுபத்தேழு நடந்துகொண்டிருந்தது. கிடைத்த காசில் ரொறன்ரோவில் ஒரு வருட வாடகையைத்தான் கட்டலாம். கொக்குவிலில் அதே காசுக்குத் தங்கையின் வீட்டோடு ஒரு அறையும் குளியலறையும் கட்டலாம். ஆனால் முழுதாகப் போகவும் முடியாது. வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசாங்கம் தரும் மேலதிகக் கொடுப்பனவு, ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் நின்றுவிடும். சேமிப்பு இருந்திருந்தால் அந்தக் கொடுப்பனவு அவருக்குத் தேவைப்பட்டிருக்காது. எங்கே இருப்பது என்பதை அவரே தீர்மானித்திருப்பார்.

"ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்க. ரெண்டு இடத்திலயும் விருந்தாளிதான்" என்றார், விமான நிலையத்தில். பெட்டி நிறைந்துவிட்டதால், ஆவணி வெயிலில் அந்தத் தடித்த குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நின்றார். மாசியில் திரும்பி வந்து இறங்கும்போது வேணுமே என்றார். அவர் வேர்த்துக்கொண்டு உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் அவரிடமிருந்து தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. நான் அப்போது விட்பியில் ஒரு களஞ்சியசாலையில் வேலை முடிந்து, காரின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கையுறையைக் கழற்றிப் பார்த்தேன். கொக்குவில் முற்றம். கொடியில் இரண்டு சேலைகள், ஒரு துவாய், அவற்றுக்கு நடுவே அந்தக் கறுப்புக் குளிர்ச் சட்டை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு தொங்கியது. கழுத்தோரம் பூஞ்சணம் பிடித்துவிட்டதாம், வெயிலில் காயப்போட்டிருக்கிறாராம்.